மணலில் விழப் பழகியவர்கள்

எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தோள்தான் பிழைப்பு. சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் வீதி புறப்படும்போது வாகனத்துக்குத் தோள் கொடுக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. உற்சவம் இல்லாத நாட்களில் நான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். கொதிக்கும் தொட்டியிலிருந்து பட்டு நூல் கழிகளைத் தூக்கி, முளையில் மாட்டி, கோல் செருகி முறுக்கிப் பிழிய வேண்டும். அதற்கும் தோள்தான். ஆகவே, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், ஒரு பந்து விளையாட்டில் என் வலது தோள் மூட்டு கழன்றபோது வீட்டில் அதை யாரும் விபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தி கெட்டவன் செய்த காரியமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. விளையாட்டைக் கொண்டுவந்தவன் என் பள்ளித் தோழன். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நான் நின்றுவிட்டேன். அவன் மேலே படித்து, சென்னையில் தேகப் பயிற்சி கற்று, ஊர்ப் பள்ளி ஒன்றில் டிரில் மாஸ்டராகத் திரும்பி வந்தான். தறியில் உட்காராமல் போனதைக்கூட அவன் அப்பா பொறுத்துக்கொண்டார். முழங்கால் தெரிகிற காக்கி அரைக்கால் சட்டையோடு ராஜவீதியில் நடந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சென்னையில் அவன் பல ஆட்டங்களைப் பார்த்திருந்தான். அதில் ஒன்றின்மேல் அவனுக்குப் பைத்தியம். கால்பந்து மாதிரியே இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருக்கும். ஆனால் பந்தைக் காலால் தொடக் கூடாது. கையால் பிடித்து, கையால் கொடுத்து, கையால் எறிந்து கோல் போட வேண்டும். ஜெர்மனிக்காரர்கள் ஆடுவது என்றான். ஹாண்ட்பால் என்று அவன் சொன்னதை நாங்கள் அண்பால் ஆக்கிக்கொண்டோம். இப்போது வலைக்கு இரு பக்கமும் நின்று தட்டுகிற ஆட்டத்தைக் கைப்பந்து என்கிறார்கள். இது அது இல்லை.

பள்ளி மைதானத்தில் பெரியவர்களை விடமாட்டார்கள். அதனால் ஓரிக்கைக்குப் பக்கத்தில் பாலாற்று மணலில் ஆடினோம். தண்ணீர் வருஷத்தில் சில நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல். ஓரிக்கையில் நிலம் வைத்திருந்த ஒருவர் எங்களோடு சேர்ந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துப் பழகிய கை. முழுப் பந்தையும் ஒரே உள்ளங்கையில் கவ்விப் பிடிப்பார். அவர்தான் சவுக்குக் கம்பங்கள் கொண்டுவந்து நட்டு, மேலே கயிறு கட்டிக் கொடுத்தார்.

சட்டப்படி ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். எங்களுக்கு அத்தனை பேர் கிடைக்கவில்லை, ஏழு பேராகக் குறைத்துக்கொண்டோம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது. மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. மணலில் பந்து எழும்பாது, போட்ட இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லாமலே போயிற்று. எதிராளியை மறிக்கலாம், பிடித்து இழுக்கக் கூடாது. கோல் கம்பத்தைச் சுற்றி வளைவாக ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குள் கோல் காப்பவரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து தாவி, உடம்பு காற்றில் இருக்கும்போதே பந்தை எறிந்துவிட்டு உள்ளே போய் விழலாம்.

ஆட்டத்தின் ருசியே அதில்தான் இருந்தது. ஓடிவந்து, மூன்றாவது அடியில் உந்தி, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும். எறிந்த பிறகு எப்படி விழுவது என்று யாரும் யோசிக்கவில்லை. மணல்தானே. மார்பு அடிக்க விழுந்தோம், பக்கவாட்டில் விழுந்தோம், கையை நீட்டிக்கொண்டு விழுந்தோம். எழுந்து உதறிக்கொண்டு ஓடினோம்.

எனக்கு எறிவது சுலபமாக வந்தது. அடி எண்ணுவதுதான் வரவில்லை. சுமை தூக்குகிறவன் நின்று நின்று நடக்க மாட்டான், ஒரே சீராக நடந்துகொண்டே இருப்பான். பந்து கைக்கு வந்ததும் என் கால்கள் அந்த நடையில் போய்விடும். டிரில் மாஸ்டர் விசில் ஊதுவான்.

"இன்னாபா, பெருமாள தூக்கிக்கினு போற மாதிரியே போற" என்பான். "நாலாவது அடி வெச்சா பந்து அவங்களுக்கு."

முதல் மாதம் ஆடுசதை கட்டிப்போய், காலையில் கிணற்றங்கரை வரை நடப்பதே பாடாக இருந்தது. மணலில் ஓடும்போது மூச்சு வேறு மாதிரி வாங்கும். வாகனம் தூக்கி வீதி சுற்றி வந்தாலும் எனக்கு அப்படி இரைத்ததில்லை. விரல்களும் பாடுபட்டன. வேகமாக வரும் பந்தை உள்ளங்கையில் வாங்காமல் விரல் நுனியில் வாங்கினால் மணிக்கட்டு வரை விண்ணென்று ஏறும். டிரில் மாஸ்டருக்கு இடது மோதிர விரல் வீங்கி, கடைசி வரை வளைந்தே நின்றுவிட்டது. தறியில் உட்கார்ந்திருந்தால் இழை முடிய அந்த விரல் உதவியிருக்காது என்று அவன் அப்பா சொன்னாராம். தறியில் உட்காராததால் பரவாயில்லை என்று இவன் பதில் சொன்னானாம்.

கோல் காத்தவர் சன்னதித் தெருக்காரர். வைஷ்ணவப் பிராமணக் குடும்பம், பெருமாள் புறப்பாட்டின்போது முன்னால் பிரபந்தம் சேவித்துக்கொண்டு போகும் கோஷ்டியில் இருப்பவர். ஒல்லியான, நீண்ட கைகள். நாங்கள் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டோம். பந்து தோல் பந்து என்பது அவர் வீட்டில் பெரிய பிரச்சினையாயிற்று. ஆடிவிட்டு வந்தால் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு கொல்லைப்புறமாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். சாமி அப்படியே செய்தார். குளிர் நாளிலும் முழுகினார். ஆட்டத்தை விடவில்லை.

பங்குனியில் செங்கல்பட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள், அவர்களுடைய பயிற்சியாளர் சென்னையில் எங்கள் டிரில் மாஸ்டரோடு படித்தவர். காலை ரயிலில் ஏழு பேரும் போய் இறங்கினோம். மைதானத்தைப் பார்த்ததும் ஓரிக்கைக்காரர் குனிந்து தரையை விரலால் தட்டிப் பார்த்தார். செம்மண்ணும் சரளையும் கலந்து, வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி இருந்தது.

"இங்க விழுந்தா எழுந்துக்க முடியாதுபா" என்றார்.

ஆட்டம் தொடங்கியதும் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மணலில் ஓடிப் பழகிய கால்கள் கெட்டித் தரையில் பறந்தன. ஆனால் அவர்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடினார்கள். அதை எப்படித் தடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று அடிக்காகக் காத்து நிற்போம், அவர்கள் தட்டித் தட்டி எங்களைக் கடந்து போய்விடுவார்கள். சாமி பல பந்துகளை வயிற்றால் தடுத்தார். ஓரிக்கைக்காரர் தூரத்திலிருந்தே எறிந்து கோல் போட்டார். பாதி ஆட்டம் வரை சமமாகவே போயிற்று.

இடைவேளைக்குப் பிறகு பந்து என்னிடம் வந்தது. கோட்டுக்கு முன்னால் ஒரே ஒருவன் நின்றான். மூன்று அடி வைத்துத் தாவினேன். அவனும் மறிக்கத் தாவினான். அவன் என்னைப் பிடிக்கவில்லை, அதை நான் எங்கேயும் சொல்லத் தயார். இரண்டு பேரும் காற்றில் இருந்தபோது அவன் தோள் என் இடுப்பில் பட்டது, நான் திரும்பிவிட்டேன். பந்து கையைவிட்டுப் போனது தெரியும். மணலில் விழுவது போலவே வலது கையை நீட்டிக்கொண்டு விழுந்தேன்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. தோளுக்குள் ஏதோ இடம் மாறி வேறு இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வலி உடனே வரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். வலது கை உடம்போடு ஒட்ட மறுத்தது. கக்கத்தில் ஒரு செம்பை இடுக்கிக்கொண்டவன் மாதிரி கை விலகியே நின்றது. இடது கையால் தோளைத் தொட்டேன். உருண்டையாக இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே, புதிதாக ஒரு மேடு இருந்தது. அதைத் தொட்ட பிறகுதான் வலி வந்தது. வாந்தி எடுத்தேன்.

மறித்தவன் ஓடிவந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தான். டிரில் மாஸ்டர் என் முன்னால் மண்டியிட்டுத் தோளைப் பார்த்தான். சென்னையில் முதலுதவியும் படித்தவன்தான்.

"எனக்குக் கட்டத் தெரியும், ஏத்தத் தெரியாது" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

சாமி தன் உத்தரீயத்தைக் கொடுத்தார், அதைத் தூளியாக்கிக் கையைத் தாங்கிக் கட்டினார்கள். நான் எறிந்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தது. காயம் பட்டவருக்குப் பதில் வேறு ஆள் இறங்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை, எங்களிடம் வேறு ஆளும் இல்லை. மீதி ஆட்டத்தை ஆறு பேராக ஆடித் தோற்றார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வரும் ரயிலில், தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றும் என் தோளுக்குத் தெரிந்தது. வீட்டில் முதலில் பார்த்தவள் என் மனைவி. கை ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். வாகனம் தூக்கும் தண்டுகளில் எங்களுடையதற்கு அவர்தான் முன்னால் நிற்கும் ஆள். அப்பா இறந்த பிறகு எனக்கு அவர்தான் எல்லாம். கிட்டே வந்து தோளைப் பார்த்தார். தொடவில்லை.

"வைகாசிக்கு எத்தினி நாள் இருக்குது, தெரியுமா?" என்றார்.

வைகாசியில் கருட சேவை. வருஷத்தில் எங்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஓரிக்கைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். மாகறலில் எலும்பு ஏற்றுகிற ஓர் அம்மாள் இருப்பதாகச் சொன்னார். தன்னுடைய மாமன் பனைமரத்திலிருந்து விழுந்தபோது அங்கேதான் கொண்டுபோனார்களாம். மனைவியும் உடன் வந்தாள். பாலாற்றை மணலோடு கடக்க வேண்டும். மாடுகள் இழுத்து, சக்கரம் புதைந்து, மறுபடி எழும்பும் ஒவ்வொரு தடவையும் நான் பல்லைக் கடித்தேன். எங்கள் கோல் கம்பங்கள் சற்றுத் தூரத்தில் நின்றன. மனைவி அவற்றைப் பார்த்து, இதுதான் அந்த இடமா என்று ஓரிக்கைக்காரரிடம் கேட்டாள். ஆமாம் என்றார். இவ்வளவு மணலை விட்டுவிட்டு எதற்குச் செங்கல்பட்டுக்குப் போனீர்கள் என்றாள். அவர் மாட்டைத் தட்டினார்.

மாகறல் அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மரத்திலிருந்து விழுந்ததா, வண்டியிலிருந்தா என்று கேட்டார். பந்து என்றேன். பந்தா என்று கேட்டுவிட்டு, எவ்வளவு பெரிய பந்து என்றார். ஓரிக்கைக்காரர் கையால் அளவு காட்டினார். அம்மாள் சிரிக்கவில்லை. பாயில் படுக்கச் சொன்னார்.

என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கக்கத்தில் ஒரு துணி உருண்டையை வைத்து, அதன்மேல் தன் குதிகாலை ஊன்றினார். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். வெடுக்கென்று இழுப்பார் என்று நினைத்து நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவர் இழுக்கவே இல்லை. மாட்டுக்கு என்ன தீனி வைக்கிறீர்கள் என்று ஓரிக்கைக்காரரிடம் பேச ஆரம்பித்தார். புண்ணாக்கைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. என் உடம்பு எப்போது தளர்ந்தது என்று எனக்கே தெரியாது. அவர் மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறார். திடீரென்று உள்ளே களுக் என்றது. வலி நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, வலித்தபோது வராத அழுகை.

உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துத் துணியில் தடவித் தோளைச் சுற்றிக் கட்டினார். வைஷ்ணவ வீட்டுக்காரன், முட்டை வேண்டாம் என்று முனகினேன். தின்னச் சொல்லவில்லை, பூசத்தான் செய்கிறேன் என்றார். பிறகு என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஒரு தபா கழண்டது இன்னொரு தபா கழலும்மா. அவசரத்துக்கு இவ்ளோ தூரம் வர முடியாது. குதிகால் எங்க வெச்சேன் பாத்தியா, நீயும் வெச்சிப் பாரு" என்றார்.

வைகாசி பிறக்கும் வரை கட்டு இருக்க வேண்டும். கை காதுக்கு மேலே போகக் கூடாது. அந்தத் தோளில் இந்த வருஷம் சுமை வைக்கவே கூடாது. கடைசியாக, கோயிலுக்குப் போய் ஈஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். எலும்பு நோவு உள்ளவர்கள் மாகறல் ஈஸ்வரனைக் கும்பிடுவது வழக்கம். நெற்றியில் நாமத்தோடு சிவன் சன்னதியில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மனைவிக்கு அப்படி எதுவும் இல்லை. நன்றாகவே வேண்டிக்கொண்டாள்.

சாயப்பட்டறையில் கழி பிழிய முடியாது என்பதால் அடுப்பு பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அது நடந்தது. நடக்காதது தண்டு விஷயம். ஒரு தண்டின் முன்முனையில் அண்ணனும் நானும் ஜோடி. தண்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் இடது தோள் கொடுப்பார், இந்தப் பக்கம் நின்று நான் வலது தோள் கொடுப்பேன். இரண்டு பேரும் ஒரே உயரம். உயரம் ஒரு விரல்கடை மாறினாலும் பாரம் ஒருவன்மேல் சாய்ந்துவிடும், வாகனமும் சாயும். சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். இந்த வருஷம் நான் ஒதுங்கிக்கொண்டு, என் இடத்தைச் சித்தப்பா மகனுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். அவன் என்னைவிடக் குட்டை, உயரத்துக்குத் தோளில் துணி மடித்து வைத்துக்கொள்வானாம். ஒரு தடவை கைமாறின இடம் திரும்பி வருவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டார்.

கட்டு அவிழ்த்ததும் நான் பாலாற்றுக்குப் போனேன். ஆடுவதற்காகப் போகவில்லை. இடது தோளில் சுமக்கப் பழகலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். டிரில் மாஸ்டரும் ஓரிக்கைக்காரரும் ஒரு கோல் கம்பத்தைப் பிடுங்கி, நடுவில் மணல் மூட்டைகளைக் கட்டினார்கள். பின்முனையை அவர்கள் தூக்கினார்கள், முன்முனையை நான். இடது தோளில் பாரம் ஏறியதும் என் கால்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. வலது தோளில் சுமக்கிறவனுக்கு உடம்பு ஒரு பக்கமாக வளைந்து பழகியிருக்கும். இப்போது எதிர்ப்பக்கம் வளைய வேண்டும். குடித்தவன் மாதிரி நடந்தேன்.

சாமிதான் வழி கண்டுபிடித்தார். "புறப்பாட்டுல நாங்க முன்னால எந்த வேகத்துல போறோமோ அந்த வேகத்துக்கு நீங்க வரேள், இல்லையா? நான் சேவிச்சுண்டே போறேன், வாங்கோ" என்றார். வெட்ட வெளி மணலில் அவர் பிரபந்தம் சொல்லிக்கொண்டு முன்னால் நடக்க, நான் கம்பத்தோடு பின்னால் நடந்தேன். கால் தன்னால் சீர்ப்பட்டது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கரையில் அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் மனைவியாகத்தான் இருக்கும். வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு மணலில் இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கம்பத்துக்கு மறுபக்கம், நான் எப்போதும் நிற்கிற பக்கம், வந்து நின்றார்.

"தூக்கு" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"உனக்கு அது பழக்கமில்லையே, அண்ணா" என்றேன்.

"எனக்கு ரெண்டு தோள் இருக்குதில்ல. தூக்கு."

எனக்கு ஒரு தோள் வீணாகியிருந்தது, ஆகவே மாறுவதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அவர் சிறு வயதிலிருந்தே இடது தோளில் தூக்கி வந்தவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதல் நாள் அவரும் என்னைப் போலவே தள்ளாடினார். மூட்டைகளோடு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு விழப் போனோம். டிரில் மாஸ்டர் பின்னாலிருந்து சிரித்துவிட்டான். அண்ணன் திரும்பிப் பார்த்தார், அவன் நிறுத்திக்கொண்டான். மறுநாள் காலை அண்ணன் எனக்கு முன்னால் மணலில் வந்து நின்றார்.

கருட சேவையன்று இருட்டு விலகும் நேரத்தில் கோபுர வாசலில் தண்டு தோளில் ஏறியது. சித்தப்பா மகன் மாற்றாளாகப் பக்கத்தில் வந்தான். ஜனம் தலைக்கு மேல் கை கூப்பி நின்றது, குடைகள் ஆடின. எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. முன்னால் கோஷ்டியில் சாமியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். வலது கையை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டிருந்தேன், வீச்சில் ஆடினால்கூட மூட்டு வலித்தது. கூட்டம் நெருக்கிய இரண்டு இடங்களில் பாரம் என்மேல் சாய்ந்தது. அண்ணன் தன் பக்கம் அதை இழுத்துக்கொண்டார். அது கண்ணுக்குத் தெரியாது, தோளுக்குத் தெரியும்.

பெரிய காஞ்சிபுரத்தில், கங்கைகொண்டான் மண்டபத்தில் பெருமாள் நின்றபோது தண்டை இறக்கினோம். அண்ணனின் வலது தோள் துணியில் ரத்தம் ஊறியிருந்தது. பழகாத தோல், உரிந்துவிட்டது. திரும்பும் வழிக்கு என் இடத்தில் சித்தப்பா மகனை நிற்கச் சொன்னேன். அண்ணனையும் மாறச் சொன்னோம். வேண்டாம் என்றார். தோள் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கோயில் வரை அவரே தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மஞ்சள் அரைத்து அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி பூசும்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆட்டத்தில் கோட்டுக்குள் ஏன் கால் வைக்கக் கூடாது என்று கேட்டார். சாமி நிற்கிற இடத்தைச் சுற்றி யாரும் நெருங்கி முட்டிவிடாமல் இருக்கத்தான் என்றேன். வாகனத்தைச் சுற்றியும் அப்படி ஒரு கோடு போட்டால் நன்றாக இருக்கும் என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். அண்ணிதான் சிரித்தாள்.

அந்த வருஷம் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, தை மாதத்தில் செங்கல்பட்டுக்காரர்கள் எங்கள் மணலுக்கு ஆட வந்தார்கள். பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. கால் புதைந்தது. பாதி ஆட்டத்துக்குள் அவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. நாங்கள் சுலபமாக ஜெயித்தோம். எனக்குப் பதில் சித்தப்பா மகன் ஆடினான், நன்றாகவே ஆடினான். என்னை மறித்தவன் ஆட்டம் முடிந்ததும் தேடி வந்து தோளைப் பார்க்க வேண்டும் என்றான். சட்டையை விலக்கிக் காட்டினேன். அவனுக்கு அது சாதாரணத் தோளாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் வெகுநேரம் பார்த்தான்.

மாகறல் அம்மாள் சொன்னது போலவே அது மறுபடியும் கழன்றது. ஒரு தடவை பட்டறையில் கோலை முறுக்கும்போது, ஒரு தடவை பரணில் இருந்த அண்டாவை எட்டி எடுக்கும்போது, ஒரு தடவை தூக்கத்தில் புரளும்போது. ஒவ்வொரு தடவையும் என் மனைவிதான் குதிகாலை வைத்து ஏற்றினாள். அவளுக்குத் தெரிந்த பேச்சு புண்ணாக்கைப் பற்றியது இல்லை. என் தங்கையின் மாமியாரைப் பற்றிப் பேசுவாள். நான் கோபத்தில் வலியை மறந்துவிடுவேன்.

பிறகு டிரில் மாஸ்டருக்குத் தெற்கே எங்கேயோ மாற்றலாயிற்று. விசில் ஊத ஆள் இல்லாமல் ஒரு மாதம் ஆடிப் பார்த்தார்கள். ஆட்டம் ஒவ்வொரு நாளும் சண்டையில் முடிந்தது, ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பந்து ஓரிக்கைக்காரரிடம் தங்கிவிட்டது. அடுத்த கோடையில் அவருடைய கிணற்றுக்குப் போனபோது, கவலைச் சாலின் தோல் வாயில் ஒரு புது ஒட்டு தெரிந்தது, பந்தின் நீளப் பட்டைத் தையலோடு. பந்து எங்கே என்று கேட்டேன்.

"தோலு நல்லா இருந்துச்சிபா, வீணா எதுக்குப் போட்டு வெக்கணும்" என்றார். மாடுகள் சரிவில் இறங்கின, சால் ஒழுகாமல் மேலே வந்தது. வாய்க்காலில் கை கால் கழுவிக்கொண்டு நான் பட்டறைக்குப் போனேன்.